வலி குறைந்த பிறகு

ஆஸ்பத்திரி நடைபாதையில் என் இடது செருப்பு கழன்றது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த மனைவி ஸித்தீக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "செருப்பு கழண்டது விளங்கல்லயா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்த பிறகுதான், வெறுங்கால் தரையில் இருப்பது புரிந்தது.

அன்று புத்தளம் ஆஸ்பத்திரிக்கு நான் நல்ல செய்தி சொல்லப் போயிருந்தேன். கழுத்து வலி பாதியாகக் குறைந்திருந்தது.

கண்டக்குழியில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது என் தொழில். வேகப் படகு அலையில் மோதும்போதெல்லாம் அடி கழுத்தில் இறங்கும். முதலில் தசைப்பிடிப்பு என்றார்கள். பிறகு கழுத்தெலும்புத் தேய்மானமும் (எலும்புகளுக்கிடையிலுள்ள மெத்தை போன்ற தட்டுகள் தேய்வது) தெரிந்தது. ஒத்தடம், பயிற்சி, மாத்திரை. வலி மெல்ல மெல்லக் கேட்டது.

அதே மாதங்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. சேர்ட் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டே போடும் கயிற்று முடிச்சு கைக்கு வரவில்லை. தொழுகையில் தலை குனிந்தால் கரண்ட் அடித்ததுபோல் ஒன்று கால்வரை ஓடியது. எதுவும் வலிக்கவில்லை. வலிக்காததை நோயென்று நான் எண்ணவில்லை.

பயிற்சி தரும் மிஸ் செருப்பு விஷயத்தைக் கேட்டதும் என்னை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். உடனே தடுமாறிச் சுவரைப் பிடித்தேன்.

"இண்டைக்கு நான் கழுத்தத் தொட மாட்டன். டொக்டரப் பாருங்க" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைக் காட்டினார். "உங்களுக்கு மூண்டு வருத்தம். தசையும் எலும்பும் நோகும். மூண்டாவது நோகாது."

மூன்றாவது, முண்ணாண் நெரிவு (மூளையின் கட்டளையைக் கைகால்களுக்குக் கொண்டுபோகும் நரம்புத்தண்டு நசுங்குவது).

"நோவு குறைஞ்சிரிக்கே டொக்டர்?"

"நல்லம். ஆனா நோவ வச்சு இத அளக்க ஏலாது."

"ஒப்பரேசன் செஞ்சா கை சரியாகுமா?"

"போனது திரும்பும் எண்டு சொல்ல மாட்டன். இருக்கிறதக் காப்பாத்தப் பார்க்கலாம். கழுத்து நோவு அப்படியே இருக்கவும் கூடும். ஒண்டு மட்டும், ஆரையும் கழுத்தத் திருப்ப விட வேணாம்."

வீட்டில் நானா, என் அண்ணன், காத்திருந்தார். "நோவு குறையிற நேரத்தில கழுத்த வெட்டக் குடுப்பானா ஆராச்சும்? பிறகு கட்டில்தான். எண்ணெய் போட்டு ஒரு திருப்பு திருப்பினாச் சரி." அண்ணன் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. கழுத்தைத் திருப்பக் கொடுக்கவில்லை, ஒப்பரேசனுக்கும் சம்மதிக்கவில்லை. தொழிலுக்குப் போனேன்.

ஒரு காலை, கரையில் படகிலிருந்து இறங்கியபோது கால்கள் மடிந்தன. முழங்காலளவு தண்ணீர். முகம் உள்ளே போய்விட்டது. கையூன்றி எழும்ப நினைத்தேன். நினைப்பு கைக்குப் போய்ச் சேரவில்லை. கண்ணெதிரே மணல் அசைந்தது. கூட வேலை செய்பவர்தான் தூக்கினார்.

ஸித்தீக்கா அழவில்லை. "நானாட்ட நான் கதைக்கிறன். நீங்க ஆஸ்பத்திரிக்கு உடுப்ப எடுங்க" என்றாள்.

கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து நெரிவை எடுத்தார்கள். கால் உறுதியானது. இடது விரல்கள் பாதிதான் திரும்பின. சில மாதங்களில் பழைய வலியும் வந்து உட்கார்ந்தது. இதை வாசிக்கும் உங்களுக்கும் கழுத்து வலி இருந்தால், வலிக்காத மாற்றங்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகப் போனபோது, ஒப்பரேசன் செய்த இடத்துக்கு மேலேயுள்ள தட்டும் பிதுங்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். "பார்ப்பம்" என்றார் டொக்டர். முன்பு காற்று மாறுவதை வைத்து வருடத்தை அறிவேன். இப்போது ஒரு 'பார்ப்பம்' முடிந்து இன்னொன்று தொடங்குகிறது.

வலிக்கும் நாட்களில் எங்களுக்குப் பயமில்லை. வலியில்லாத காலைகளில்தான் வீடு அமைதியாகிவிடுகிறது. ஸித்தீக்கா தேத்தண்ணி கொண்டுவருவாள். என் இடது கையில்தான் தருவாள். என் விரல்கள் இறுகும்வரை கோப்பையை அவள் விடுவதில்லை.