சூசையம்மாள் விட்ட ஒரு சொல்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வாடிப்பட்டியில் சொந்தமாக நூற்பாலை கட்டினேன். 1983-இல் எங்கள் வட்டாரத்திலேயே முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவனும் நான்தான். பட்டம் வாங்கியவர்களெல்லாம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் புரோகிராம் எழுதித் தந்தது மதுரையில் ஒரு கம்பெனி. அவர்களின் வக்கீல் கல்யாணராமன். அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவள் சூசையம்மாள். புருஷனை இழந்தவள், பிள்ளை குட்டி கிடையாது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை இங்கிலீஷில் அடித்தவள் அவள். புரோகிராமால் நஷ்டம் வந்தால் கம்பெனி பொறுப்பாகாது என்று ஒரு நிபந்தனை. அதில் ‘நாட்’ என்ற சொல்லை விட்டுவிட்டாள். பொறுப்பாகும் என்று ஆகிவிட்டது. யாரும் கவனிக்காமல் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம்.

மறுவருஷம் புரோகிராம் கோளாறில் ஆலைக் கணக்கு மொத்தமும் அழிந்தது. கோர்ட்டுக்குப் போனேன். அதற்குள் கம்பெனியின் பிரதியில் ‘நாட்’ ஏறியிருந்தது. என் பிரதியில் அதை நானே சுரண்டி எடுத்ததாக வாதாடினார்கள். பித்தலாட்டக்காரன் என்று பெயர் வாங்கவா ஆலை கட்டினேன்? சூசையம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட வைத்தேன்.

அதற்கு முன்பு வக்கீல் அவளிடம் பேசியதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

“‘நாட்’ அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, வேலை நிலைக்கும். விட்டுட்டேன்னா, மதுரையில எவன் உன்னை மெஷின்ல உட்கார வைப்பான்?”

“சத்தியம் பண்ணிட்டுல்ல சார் பேசணும்.”

“உங்க சர்ச் சாமியார்கிட்ட கேட்டுண்டு வரியா?”

கூண்டில் ஏறி, “நான்தான் விட்டுட்டேன்” என்றாள். நான் ஜெயித்தேன்.

வக்கீல் சொன்னதும் பலித்தது. ஒரு ஆபீசும் அவளைச் சேர்க்கவில்லை. என் ஆலையில் வேலை கொடுத்தேன்; வேறு எந்த முதலாளி கொடுப்பான்? ஆனால் ஒரு வரி அடிப்பாள், வாசிப்பாள், திரும்ப வாசிப்பாள்.

“அண்ணே, அந்தக்கா மெஷின்லருந்து தாளை உருவவே மாட்டேங்குது” என்றான் மேனேஜர் மலையாண்டி.

“விடு மாப்ள, மெதுவா அடிக்கட்டும்.”

ஒருநாள் அவளே வந்து நின்றாள்.

“நாளைலருந்து வரலைங்க முதலாளி.”

“இம்புட்டுப் பயமா தாயி?”

“அடிச்சது சரிதான்னு மனசு ஒப்பலைங்க.”

எழுமலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனாள். அடக்கத்துக்கு என் காரில் போனேன். அந்தத் தெருவுக்குள் அதுவரை கார் நுழைந்ததில்லை. கல்லறைக்குக் கல்லும் நானே சொல்லிவிட்டேன். பெயருக்குக் கீழே டைப்பிஸ்ட் என்று வெட்டச் சொன்னேன்.

“அது வேணாம்ணே” என்றான் தம்பி. “பேரு மட்டும் இருக்கட்டும்.”