விரதம் இருந்த போர்வீரன்

லிட்டில் இந்தியாவுக்குப் போகும் ரயிலில், எதிரே இருந்த பெண்ணின் கைப்பேசியிலிருந்து அந்த மணியோசை வந்தது. ஆட்டத்தில் அவளுடைய வீரன் அடுத்த லெவலுக்கு ஏறிவிட்டான்.

எங்கள் பாசிர் ரிஸ் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே ஓசைதான். அப்போது நான் பள்ளி மாணவன். கடவுள் பேரைச் சொல்லி வாளெடுக்கும் புனிதப் போர்வீரன் ஒருவனை ஆன்லைன் ஆட்டத்தில் வளர்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கியதும் அம்மா தடை போட்டாள்.

"விரத வீட்டுல வெட்டு குத்து கூடாது லா."

"கேம்தாம்மா!"

"சாமி பேரச் சொல்லித்தானே வெட்டுறான்? அவனும் விரதம் இருக்கட்டும்."

ஆட்டக் கூட்டாளிகள் மடமடவென்று மேல் லெவல்களுக்குப் போய்விட்டார்கள். என் வீரன் வாளை உறையில் போட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களின் காயங்களை ஆற்றிக்கொண்டிருந்தான். அதற்கும் கொஞ்சம் புள்ளிகள் உண்டு. வீடெல்லாம் சாம்பிராணி மணத்த ஒரு மாலையில், சாகக் கிடந்த யாரையோ எழுப்பிவிட்டேன். லெவல் ஏறிய மணி அடித்தது.

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "யாரடா வெட்டுன?"

"யாரையும் இல்லம்மா!"

நம்பாமல் ஈரக் கையோடு ஓடிவந்தாள். திரையில், பிழைத்து எழுந்தவன் என் வீரனை வணங்கிக்கொண்டிருந்தான்.

இன்று கேட்பதற்கு அம்மா இல்லை. இருந்தும் ரயிலில் அந்த மணியோசை கேட்டதும் என் வாய் தானாக முணுமுணுத்தது: "யாரையும் இல்லம்மா."