தண்ணீர் குடித்த பச்சை விளக்கு

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கிய அன்று காலை பட்டறை வாசலில் முதலாளியம்மா இருந்தார், அவருடைய கொழுந்தனார் இருந்தார், விளக்குகளைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருந்த நானும் இருந்தேன். பட்டறையைத் தொடங்கிய அம்மாவின் மாமனார் இப்போது உயிரோடு இல்லை. அவருக்குப் பின் நடத்திய கணவரும் இல்லை. அம்மா முதல் பெட்டியைப் பிரித்து ஒரு படகு விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பச்சைக் கண்ணாடிக்குள் பாதி வரை கடல் தண்ணீர் ஆடியது.

"ஏனுங்க அண்ணி, மலை மேல உக்காந்துட்டு கடலுக்கு வெளக்கு செஞ்சா இப்படித்தானுங்க ஆகும்," என்றார் கொழுந்தனார். பக்கத்து இடத்தில் விடுதி கட்டியவர்கள் பட்டறையையும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைத் திருப்பி அனுப்பிய நாகப்பட்டினத்து வியாபாரியை நம்பித்தான் எங்கள் அடுப்புகள் எரிந்தன. அவர் விலகினால் விற்பதற்குக் கையெழுத்துப் போடுவதாக அம்மா கொழுந்தனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விளக்கு மூடியை அடைக்கும் ரப்பர் வளையம் கொடுத்தவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பட்டறைக்குள்ளிருந்து ஒரு யோசனையும் வந்தது. அம்மா விளக்கைக் கீழே வைக்கவில்லை.

"வெளக்குத்தான் தம்பி தண்ணி குடிச்சுது. ஏன் குடிச்சுதுன்னு கேட்டுட்டு வந்துடறேன், அப்புறமா சிரிங்க."

குன்னூரில் கப்பல் விளக்கா என்று என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். கொழுந்து பறித்தவர்களின் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்கப் போனவனுக்கு அந்தச் சிரிப்பு பழக்கம்தான். மாமனார் தேயிலை பேக்டரிகளின் விளக்குகளைப் பழுது பார்த்தவர். மலை பார்க்க வந்த படகுக்காரர் ஒருவர் படகுக்கு விளக்கு கேட்க, துணிந்து அந்த வேலையில் இறங்கினார். "எங்க மஞ்சுல தெரியற வெளக்கு எந்தக் கடல்லயும் தெரியும்" என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு விளக்கையும் எதிர்ச்சரிவில் ஏற்றி வைத்து, மூடுபனி கவிந்ததும் இங்கிருந்து பார்ப்போம். பிறகு தண்ணீர் புகுகிறதா என்று தொட்டியில் முக்குவோம். திரும்பி வந்தவையும் அதில் தேறியவைதான். எல்இடிக்கு மாறிய அந்த வருஷம்தான், முன்பு அடியில் விட்டுவந்த காற்றுத் துளை இல்லாமல், முதன்முறையாக முழுக்க அடைத்திருந்தோம்.

மறுநாள் புதிதாக அடைத்த இரண்டு விளக்குகளோடு அம்மா ஜீப்பை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். மலை இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் தாகத்துக்குப் பாட்டிலை எடுத்தவர் குடிக்காமல் அதையே பார்த்தார். குன்னூரில் மூடிய பிளாஸ்டிக் பாட்டில் ஒடுங்கிக் கிடந்தது. மலையில் பிறந்த எல்லோரும் ஆயிரம் முறை பார்த்ததுதான். டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு விளக்கை அமுக்கி வைத்தார். சற்று நேரத்தில் ரப்பர் ஓரமாக ஒரு சொட்டு உள்ளே இறங்கியது. மேலே இருக்கும் லேசான காற்றை உள்ளே அடைத்துக் கீழே அனுப்பியிருக்கிறோம். கீழ்க்காற்று அழுத்த, விளக்கு கடலை உறிஞ்சியிருக்கிறது. எங்கள் தொட்டி எங்களோடு மலையில்தானே இருந்தது!

நாகப்பட்டினம் துறைமுகத்தில் வியாபாரி முகம் கொடுக்கவில்லை. "மலைக்கார வெளக்கு எனக்கு வேணாம்மா."

"தப்பு எங்களுதுதானுங்க, ரப்பர் மேல போட மாட்டேன்," என்று அம்மா அங்கேயே விளக்குகளைத் திறந்து, துடைத்து, மறுபடி முடுக்கினார். கயிற்றில் கட்டிக் கடலில் விட்டார். மத்தியானம் வரை வெயிலில் நின்று, பிறகு இழுத்தோம். உள்ளே ஈரமே இல்லை.

வியாபாரி விளக்கைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். "அப்ப பட்டறையவே கடக்கரைக்குக் கொண்டாந்துருங்களேன். அந்த மலையில என்ன இருக்கு?"

"வெளக்கு எறங்கி வருமுங்க. நாங்க எறங்க மாட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, அத்தனையும் மாத்திக் குடுங்க. அப்புறம் பேசுவோம்." மாற்றிக் கொடுத்தோம். கையெழுத்துக் கேட்டு வந்த கொழுந்தனாருக்கு டீ மட்டும் கிடைத்தது.

இப்போது கடைசித் திருகை நான் துறைமுகத்துக்குப் போய்த்தான் முடுக்குகிறேன். அம்மா அந்தச் செலவுக்காக ஜீப்பை விற்றுவிட்டு, கட்டபெட்டு ஊரிலுள்ள வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அன்று தூக்கிப் பிடித்த பச்சை விளக்கு பட்டறை வாசலில், தண்ணீரைக் கொட்டாமல், விடுதிக்காரர்கள் பார்க்கும்படி தொங்குகிறது. அங்கே தங்க வருகிறவர்கள் அழகாயிருக்கிறதே என்று விலை கேட்பார்கள். மாற்றிக் கொடுத்த விளக்குகளையும் லாரி வாடகையையும் கூட்டி வைத்திருக்கும் அம்மா, சற்றும் கூசாமல் சொல்வார்:

"விக்கறதுக்கில்லீங்க. இதுக்கு எங்களுக்கு ஆன செலவு மூணு லட்சத்து நாப்பதாயிரம்."