மலையைப் பார்த்துக் கேட்டவர்

எண்பதுகளில் செஞ்சி மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டர், பெண்களிடம் கூச்சமான கேள்வி கேட்கும்போது ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொள்வார். எங்கள் வயதான நாய் செவலைக்கு வயிறு பெருத்தது. குட்டி போடப்போகிறது என்று பழைய புடவையை மடித்து எடுத்துக்கொண்டு கூட்டிப்போனேன்.

"கடைசியா எப்பம்மா இதுக்கு ரத்தம் பட்டுச்சு?" என்று மலையைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு மாசம் ஆவுது சார்."

"தண்ணி நெறைய குடிக்குதா?"

"சட்டி சட்டியா குடிக்குது."

வயிற்றை மெல்லத் தடவினார். "குட்டி இல்லம்மா. கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்குது. இன்னைக்கே எடுத்துடணும், இல்லன்னா பொழைக்காது."

எடுத்தார். குட்டிகளுக்கென்று கொண்டுபோன புடவையைச் செவலைக்கே விரித்துப் படுக்கவைத்தார். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை.

தையல் பிரிக்கப் போகும்போது சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. இன்றும் தனியாக இருக்கும்போது அந்த மலையைப் பார்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.