உருளைக்கிழங்கை விட்டவரைப் பார்க்க மேல்மலைக்கு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தப் பயணத் தளத்தில் கொடைக்கானலைப் பற்றி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன. ஏரி, தூண் பாறை, சாக்லேட் கடை எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். நான் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனது அவற்றைப் பார்க்க இல்லை. ஒரு விவசாயியின் ரத்தத்தை மறுபடி பரிசோதிக்கப் போனேன். மருத்துவ முகாம், ஆய்வு என்று ஆட்களையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வண்டிச் செலவு விவரமாவது பயன்படும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மருத்துவமனையில் ஆய்வு உதவிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒன்பது பேர், நான் பொறுப்பாளன். ஒரு டாக்டர் கிராமத்து மக்களை வைத்து ஆய்வு செய்ய நினைத்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியில் தொடங்கி எல்லாம் எங்கள் தலையில் விழும். ஊர் ஊராகப் போய் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது, ரத்தம் எடுப்பது, அதைக் கெடாமல் கொண்டுவருவது, முடிவில் கோளாறு தெரிந்தால் அந்த ஆளைத் தேடிப்பிடித்து மறுபடி பரிசோதிப்பது எல்லாமே எங்கள் சோலி. கட்டுரை வெளியாகும்போது டாக்டரின் பெயர் மேலே இருக்கும். எங்களுக்குக் கடைசியில் ஒரு வரி: உதவிய அனைவருக்கும் நன்றி. இந்த 'அனைவரும்' ஆக நான் இருபது வருடம் இருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு அந்தப் பிரிவைக் கலைத்தார்கள். கலைக்கச் சொன்னவர் நாங்கள் அதிகமாக உழைத்துக்கொடுத்த டாக்டரேதான். பெயர் வேண்டாம், பெரிய டாக்டர் என்றே சொல்கிறேன். "இந்த வேலைக்கு இத்தனை ஆள் எதற்கு, ஏஜென்சியிடம் கொடுத்தால் பாதியில் முடியும்" என்று என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே சொன்னார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

காதர் எங்கள் பிரிவில் வண்டி ஓட்டியவர், வத்தலக்குண்டுக்காரர். இப்போது சொந்தமாக ஒரு பொலேரோ வைத்துச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார். போன புரட்டாசியில் அந்த ஏஜென்சி ஆட்கள் மேல்மலைக்குப் போக அவரைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். மாசி பிறந்ததும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"நம்ம பூண்டுக்காரர் ராமசாமி இருக்காருல்ல சார், ரத்தத்துல ஏதோ கூடிப்போச்சுன்னு பிரஷர் மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்களாம். உருளக்கெழங்கும் திங்கக் கூடாதாம். பாவம், பூண்டோட மனுசன் வெளைய வைக்கிறதும் அதுதான்."

ராமசாமியை எனக்கு நன்றாகத் தெரியும். பெயரை மாற்றியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது, எங்கள் காலத்தில் மூன்று சுற்று ரத்தம் கொடுத்தவர். மாத்திரையும் கிழங்கும் வேண்டாம் என்றால் கூடியது பொட்டாசியம்தான். அந்த மூன்றிலும் அது சரியாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு மிஷின எங்க வச்சுச் சுத்துனாங்க?" என்று கேட்டேன்.

"மிஷினா? அப்படி ஒண்ணும் ஏத்தலையே சார். எடுத்த ஒடனே நேரா ஐஸ் பெட்டிதான். ரத்தம் எடுத்த பையன் ரொம்பக் கருத்தானவன், மூடியக்கூடத் தெறக்க விடல."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக விளக்குகிறேன். குழாயில் எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறையவிட்டு, பிறகு இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் நீரைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஐஸ். பிரிக்காத ரத்தத்தை அப்படியே குளிரில் வைத்தால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். கொடைக்கானலுக்கு மேலேயிருந்து மதுரை வந்து சேர ஆறு மணி நேரம். பரிசோதனையில் அளவு கூடுதலாகத்தான் வரும். ஆனால் அது ஆளின் உடம்பில் ஏறியதில்லை, பெட்டிக்குள் ஏறியது. நாங்கள் அந்த இயந்திரத்தை மலைக்கே தூக்கிக்கொண்டு போய், ஊர் நூலகத்து மேசையில் வைத்துச் சுழற்றுவோம். அதைத்தான் வெட்டிச் செலவு என்றார்கள். குளிர்ச்சி குறையக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட புதுப் பையன், சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறான்.

பொட்டாசியம் உண்மையிலேயே கூடினால் இதயம் நின்றுபோகலாம். ராமசாமி சாப்பிட்ட பிரஷர் மாத்திரை அதை ஏற்றக்கூடிய வகை. உருளைக்கிழங்கிலும் அது நிறைய. எனவே மாத்திரையை நிறுத்தி மறுபரிசோதனைக்கு ஏற்பாடு செய்வோம் என்று பெரிய டாக்டர் சொன்னதில் குற்றமில்லை. மறுபரிசோதனை செய்ய ஆள் இல்லை என்பதுதான் விஷயம். அதைச் செய்துவந்த ஆட்கள் நாங்கள். மாத்திரை நின்று ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பெரிய டாக்டருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. அதோடு சரி. நானே கிளம்பினேன். அந்த ஆளின் நலத்துக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். பெரிய டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு காகிதம் கையில் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. ஏழு மணிக்கு வத்தலக்குண்டு. காதர் தயாராக நின்றார். நாள் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, டீசல் உட்பட. கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துவிட வேண்டும். இணையத்தில் எடுக்கலாம், கட்டணம் இல்லை. வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு என்றால் மலைப்பாதையிலேயே பாதி நாள் போய்விடும்.

"முன்னெல்லாம் பின்சீட்ல ரத்தம் வரும் சார், இப்பப் பூரா ஹனிமூன் ஜோடிங்க" என்றார் காதர், டம்டம் பாறைக்கு மேல் ஒரு வளைவில். "ரத்தமே தேவல. வாந்தி எடுக்காது."

ஊத்து என்ற இடத்தில் டீ, பெருமாள்மலையில் இட்லி. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஏறிக் கொடைக்கானலைத் தொடும்போது ஒன்பதேகால். அங்கிருந்து மேல்மலைப் பக்கம் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம். சாலை குறுகல், எதிரே காய்கறி லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். மற்ற தூரங்களைச் சரியாகச் சொன்னேன், இதைச் சரியாகச் சொல்லமாட்டேன். ஊர்ப் பெயரையும் சொல்லமாட்டேன். படிக்கட்டு வயல்களில் பூண்டு அறுவடை நடக்கும் ஊர் என்பது போதும். அந்தப் பக்கம் அப்படிப் பல ஊர்கள்.

ராமசாமி பூண்டைத் தாளோடு கற்றை கட்டிக்கொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது.

"வாங்க மேனேஜர். எளச்சுப் போயிட்டீங்க. வேலைய விட்டுட்டீங்கன்னு காதரு சொன்னாப்புல."

"நான் விடல. அவங்கதான் என்ன விட்டுட்டாங்க."

"எல்லாம் ஒண்ணுதான், சோறு நீங்கதான வாங்கித் திங்கணும்" என்று சிரித்தார்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே பரண் முழுக்கப் பூண்டு தொங்கியது, புகையும் நெடியும் கண்ணைக் கரித்தன. "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்றார் அந்தம்மா. "நாங்க கெழங்கு வச்சுச் சாப்பிட ஒக்காந்தா இவரு எந்திரிச்சு வெளிய போயிர்றாரு. வாசம் பட்டாலே ஏறிருமாம். வெள்ளனே எந்திரிச்சா பின்கழுத்து, பொடனியெல்லாம் கனக்குதுங்குறாரு. வயல்ல ரெண்டு தடவ தலை சுத்தி ஒக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, டாக்டர் வருவாரு, டாக்டர் வருவாருன்னே கெடக்காரு."

"பெரிய டாக்டரே போன் போட்டுச் சொன்னாருங்க" என்றார் ராமசாமி. குரலில் பெருமை இருந்தது. "மாத்திர வேண்டாம், கெழங்கு வேண்டாம், மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்க ஆளு வரும்னாரு. அவரு சொல்லாம நான் எப்படிங்க வேற எடத்துல காட்டுறது? மரியாத இல்லைல்ல."

இயந்திரம், ஐஸ், கசிவு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவரு வரட்டும்" என்றார். அவர் வரமாட்டார், அவருக்கு உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்றுகூட நினைவிருக்காது என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தம்மா நின்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

காதர்தான் வழி கண்டுபிடித்தார். "அண்ணே, வண்டி சும்மாதான் கீழ போகுது. கட்டி வச்ச பூண்டு கெடக்குல்ல, ரெண்டு மூட்டைய ஏத்துங்க. பஜார்ல எங்க மாமு கடையில எறக்கிருவோம். போற வழியில ஒரு ஊசி. டாக்டர் வரும்போது வரட்டும்."

"பூண்ட ஏத்துறதுன்னா சரி" என்று ராமசாமி சட்டையை மாட்டிக்கொண்டார்.

கொடைக்கானலில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுத்தோம். பொட்டாசியமும் சிறுநீரகப் பரிசோதனையும் சேர்த்து அறுநூறு ரூபாய். ரத்தம் எடுத்த பெண்ணிடம் எப்போது சுழற்றுவீர்கள் என்று கேட்டேன். "அரை மணி நேரம் உறையணும் சார், அப்புறம் ஒடனே போட்டுருவோம். ஏன் சார், நீங்க இன்ஸ்பெக்‌ஷனா?" என்றாள். இல்லை என்றேன். ஆனாலும் போகவில்லை. அரை மணி கழித்து உள்ளே அந்த இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக நான் கேட்காத சத்தம்.

இரண்டரை மணிக்கு முடிவு வந்தது. பொட்டாசியம் 4.4. புரட்டாசியில் போனில் அவரிடம் சொன்ன அளவு 6.1. சிறுநீரகம் சரியாக இருந்தது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பிரஷர் 196க்கு 112. பணியில் இருந்த டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, உள்ளே படுக்கவைத்து ஒரு மாத்திரை கொடுத்து, இறங்கும்வரை வைத்திருந்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கை கால் இழுத்திருக்கும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பழைய மாத்திரையைத் தொடரச் சொல்லி, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்.

வெளியே டீக்கடையில் உருளைக்கிழங்கு போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். ராமசாமி அதையே பார்த்தார்.

"மேனேஜர், இப்பத் திங்கலாமா?"

"தின்னுங்க."

நின்றபடியே மூன்று தின்றார். "உப்பு கம்மி. இது நம்ம ஊருக் கெழங்கு இல்ல" என்றார்.

பூண்டு மூட்டைகளை மாமு கடையில் இறக்கும்போது, ராமசாமி ஒன்றைப் பிரித்து நல்ல கற்றையாக ஒன்றைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு என்றுதான் நினைத்தேன்.

"இதப் பெரிய டாக்டருகிட்டக் குடுத்துருங்க. எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிருங்க. பாவம், அவரு கவலப்பட்டுக்கிட்டே இருப்பாரு."

காதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைத் துடைப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

காதர் அவரை ஊரில் விட மேலே போனார். நான் ஐந்து மணிப் பேருந்தில் இறங்கினேன். பை முழுக்கப் பூண்டு வாசம், பக்கத்து இருக்கைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் கூட்டத்தில் இருந்தார். பூண்டையும் பரிசோதனை முடிவின் நகலையும் அவருடைய உதவியாளரிடம் கொடுத்து, ராமசாமி சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லச் சொன்னேன். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் வேறு. அவற்றை அங்கே சொல்ல முடியவில்லை.

மலைக்கு ஆய்வுக்குழுவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: சுழற்றும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றுங்கள், மின்சாரத்துக்கு யூ.பி.எஸ். ஒன்றும் சேர்த்து. ஐஸ் பெட்டிக்கு முன் அதுதான் ஏற வேண்டும். எடுக்கிற ஆளுக்கு என்ன செய்வது என்பதோடு ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மறுபடி வருவோம் என்று சொன்னால், போகப்போவது யார் என்று அந்த நிமிடமே முடிவு செய்யுங்கள். அவர்கள் காத்திருப்பார்கள்.

மேல்மலையில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: போன புரட்டாசியில் ரத்தம் கொடுத்து, பொட்டாசியம் கூடுதல் என்று உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ போன் வந்திருந்தால், நீங்களாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போய் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே போங்கள். காதருக்கு நினைவிருந்த இரண்டு வீடுகளுக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாது. இதை எழுதுவது அதற்காகத்தான்.

முடித்துவிட்டுக் கீழே என் பெயரை, படிப்போடும் பழைய பதவியோடும், தட்டச்சு செய்தேன். இருபது வருடமாக எதிலும் வராத பெயர். நான் சொல்ல நினைத்ததை முதல்முறையாக என் பெயரிலேயே சொல்லப்போகிறேன் என்று இருந்தது. ஆனால் என் பெயர் தெரிந்தால் ஆய்வு எது என்று தெரியும். ஆய்வு தெரிந்தால் ஊர், ஊர் தெரிந்தால் பொடனி கனத்து வயலில் உட்கார்ந்தவர் யார் என்று எவரும் சொல்லிவிடலாம். முதல் சுற்றில் ஒப்புதல் கேட்டபோது, உங்கள் பெயர் எங்கேயும் வெளியே வராது என்று அவருடைய வீட்டில் உட்கார்ந்து சொன்னது பெரிய டாக்டர் இல்லை, நான். பிரிவைக் கலைத்தவர்கள் அந்த வாக்கைக் கலைக்கவில்லை.

பெயரை அழித்துவிட்டேன். இப்படியே பதிவிடுகிறேன்.