விபோர்க்கில் மணல் மண்டலம் கலைத்த நாள்

டென்மார்க்கின் விபோர்க் நகர நூலகக் கூடத்தில் மூன்று திபெத்தியப் பிக்குகள் ஐந்து நாட்களாக வண்ண மணலால் வரைந்த மண்டலக் கோலத்தை, அவர்கள் வழக்கப்படி, இன்று தூரிகையால் கலைக்கிறார்கள். சுற்றி நிற்கும் டேனிஷ்காரர்களுக்கு அந்த மணலைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

என்னைக் காரில் கூட்டிவந்த வசந்தி அக்கா வாசலோடு நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. ஊரில் போர் முடிந்து ஒரு வாரமாகிறது. வன்னியில் இருந்த தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"இவங்களும் அகதிங்கதான் அக்கா" என்கிறேன்.

"ஓம், தெரியும். எண்டாலும் ஊரில ஆமிக்கு ஆசி குடுத்ததும் பிக்குமார்தானே, அந்த உடுப்பைக் கண்டா உள்ளுக்கு வர மனம் வருதில்லை."

மூத்த பிக்கு ஒரு பையோடு வாசலுக்கே வருகிறார். எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். நான் சொல்கிறேன், தம்பியைப் பற்றியும். அவர் தம்பியின் பெயரைக் கேட்கிறார்.

"குகதாசன்" என்கிறார் அக்கா.

"குகாதாஸ்."

"இல்லை. குகதாசன்."

மூன்றாம் தரம் சரியாகச் சொல்லி, கண்மூடிப் பிரார்த்திக்கிறார் பிக்கு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"அவருக்கு அங்க ஆர் இருக்கினம் எண்டு கேளும்."

திபெத்தில் ஒரு தங்கை. பார்த்து முப்பது வருடமாம். பெயர் டோல்மா.

"டோல்மா" என்று அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு குனிந்து, கோயில் வாசலில் செய்வதுபோலச் சப்பாத்தைக் கழற்றுகிறார்.