கண்ணாடி ஒட்டிய சுவர்

"கல்லு மல தானுங்க சேர், அது எப்படி வெடிக்கும்?"

லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்துக்கு முதன்முதல் போன அன்று செல்லம்மா அக்கா இப்படிக் கேட்டார். கொழுந்து பறிப்பவர். நான் மண்சரிவு பார்க்கும் ஆபீசில் டெக்னீஷியன்.

தெரிந்ததைச் சொன்னேன். ஒரு காலத்தில் இலங்கையும் இந்தியாவும் தெற்கே பனி மூடிய கண்டமும் ஒரே நிலம். அது இழுபட்டுப் பிரிந்தபோது பாறையெல்லாம் வெடித்தது. வெடிப்பின் ஒரு பக்கம் சறுக்கி இறங்கியிருந்தால் ஃபால்ட் என்போம். இந்த மலையிலும் அந்தப் பழைய வெடிப்புகள் உண்டு. மழைத்தண்ணீர் அவற்றுக்குள் இறங்கினால் பாறை மக்கிக் களிமண்ணாகும். மேலிருக்கும் மண் அதில் வழுக்கும்.

"அப்ப கண்டம் பிரிஞ்சதுக்கு எங்க செவுரு பதில் சொல்லுதாக்கும்" என்று சிரித்தார்.

அவர் வீட்டுச் சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்து வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் லயத்துச் சனத்தை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி ஆபீஸ் எழுதும். தோட்டத்தை நடத்தும் துரையும் அதையே பிடித்துக்கொண்டார். "வெடிப்பு இல்லாத லயம் எங்க இருக்கு? கண்ணாடி ஒடையட்டும், பாப்போம்."

அடுத்த முறை போனபோது சுவருக்குச் சீமெந்து பூசிப் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தார்கள். கண்ணாடியைக் காணோம்.

"மகள பொண்ணு பாக்க வாராங்க சேர். வெடிச்ச செவுத்தப் பாத்தா என்ன நெனப்பாங்க? அதான் பூசிட்டோம். கண்ணாடி உள்ளாரதான் இருக்கு, பத்திரமா."

எனக்கு வந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது. பூச்சின் மேலேயே புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டு, சனத்தை இப்போதே மாற்றுங்கள் என்று துரையிடம் கெஞ்சினேன். "புதுசு ஒடையலயே" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிப் போனார்கள். அந்த வாரமே அடைமழை. மலை இறங்கியபோது மகள் ராணி ஹட்டனில், வேலை பார்த்த கடையில் இருந்தாள். மற்ற வீட்டார் ஓடித் தப்பினார்கள். செல்லம்மா அக்காவால் முடியவில்லை.

மண்ணை அள்ளும்போது அந்தச் சுவரின் துண்டொன்று கிடைத்தது. பூச்சு உரிந்து என் பழைய கண்ணாடி தெரிந்தது. இரண்டாக உடைந்திருந்தது. நடு இடுக்கில் பூச்சுச் சீமெந்து புகுந்து இறுகியிருந்தது. பூசும் முன்பே உடைந்திருக்கிறது. அழுகையை அடக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அது தெரியுமா என்று ராணியிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அதன் பிறகு, ஓய்வு பெறும்வரை, எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் ஒன்று கேட்பேன்: "வீட்டுல விசேஷம் ஏதும் வருதாங்க?"